தவக்காலத்திலாவது அந்தக் கீபோர்டை மூடி வைக்கலாமே

போன ஞாயிறு பூசையில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ பாடும்போது தம்பி கீபோர்டில் தானாக ஓடும் தாளத்தைத் தட்டிவிட்டார். நத்தாருக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள்தோறும் கரோல் போனபோது ஓடிய அதே டிஷ்க்கு டிஷ்க்கு. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு ஐயா அது!

வாத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. 1963இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டதால்தான் நாம் இலத்தீனை விட்டுத் தமிழில் பாடுகிறோம். அந்தந்த மக்களின் இசைக்கும் இடம் கொடுக்கச் சொன்னது அதே சங்கம்தான். தப்பு மேளம்கூடக் கோயிலுக்குள் வரட்டும் என்பதே என் கட்சி (அதை எழுதினால் சண்டைக்கு ஆள் வரும், பிறகு பார்ப்போம்). ஆனால் தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான் என்று பூசை விதியிலேயே இருக்கிறது. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விலக்கு. அல்லேலூயாவையே நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் டிஷ்க்கு எதற்கு?

எங்கள் பாடகர் குழுவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிசம்பரில் கொழும்புக் கடைகளில் நிற்கும் பொடியன்கள் லீவில் வந்துவிடுவார்கள். நள்ளிரவுப் பூசையில் பின்வரிசை அடிக்குரலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஜனவரியில் எல்லோரும் பஸ் ஏறிவிட்டால், தவக்காலத்துக்கு மிஞ்சுவது பெண்கள்தான். பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு, முகம் கழுவி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறவர்கள். அந்தக் குரல்களைத்தான் நாம் ஸ்பீக்கரில் அமுக்குகிறோம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கூரைத் தகரத்தில் மழை வேறு. நான்காம் ஸ்தலம், இயேசு தாயைச் சந்திக்கும் இடம். யாரும் சொல்லாமலே பெரியம்மா பாட்டை எடுத்தார். கொழுந்துக் கறை ஏறிய விரலால் பெஞ்சில் மெல்லத் தட்டிக்கொண்டே, சாவு வீட்டில் ஒப்பாரிக்கு இழுப்பாரே, அதே இழுவை. இரண்டாவது அடியில் மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள். சுதி கொஞ்சம் இறங்கியது, சரி, இறங்கட்டும். மழைச் சத்தத்துக்கு மேலாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஏழாம் ஸ்தலத்தில் கரண்ட் வந்தபோது தம்பியே சுவிட்சைப் போடவில்லை.

தம்பியிடம் அதை ஞாபகப்படுத்தினேன். “பாட்டு டல்லா இருக்குமே அண்ணே” என்றார். அப்புறம், பெரிய வெள்ளி வரை கீபோர்டு இல்லாமல் பார்ப்போம் என்று இறங்கி வந்தார். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு கட்டை கூட்டி எடுத்துவிடுவார், மற்றவர்களுக்கு எட்டாது.