பாப்பாவுக்கு எப்போ தண்ணி ஊத்தப் போறீங்க?

இன்று காலை கேட்டவர் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர். கத்தரிக்காயை எடை போட்டுக்கொண்டே, "என்னாக்கா, பாப்பாவுக்கு எப்போ தண்ணி ஊத்தப் போறீங்க? சொல்லவே இல்லையே" என்றார். வாசலில் நின்றபடியே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழாவது படிக்கிற பிள்ளையின் உடம்புக்கு என்ன ஆனது என்கிற விஷயம் கடலூர் திருப்பாப்புலியூரில் தள்ளுவண்டி வரைக்கும் போய்விட்டது. அவருக்கு எதிர்வீட்டு அம்மா சொல்லியிருப்பார். அந்த அம்மாவுக்கு என் ஓரகத்தி சொல்லியிருப்பாள். காய்கறிக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்பதுதான் மரியாதை என்று நினைத்துக் கேட்டார். என் கோபம் எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தவர்கள் மேல்.

என் பெண் வயசுக்கு வந்திருக்கிறாள். நான் மஞ்சள் நீராட்டுச் சடங்கு பண்ணப் போவதில்லை. முதல் நாளே என் பெண், "அம்மா, பேனர் எல்லாம் வைக்காதம்மா, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். வயிற்றுவலிக்குக்கூட அவள் அப்படிப் பயப்படவில்லை, பேனருக்குத்தான் பயந்தாள். அவள் அப்பாவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளுக்குப் பிடிக்கலேன்னா விட்டுடலாம்" என்றார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மூன்று பேருக்கும் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிய வேண்டும். நம் வீடுகளில் முடிகிறதா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெரிய மாமனார், பெரியத்தை, நாத்தனார், ஓரகத்தி, கடைசியாகச் சின்ன மாமனார். வருகிறோம் என்று ஒரு போன் கிடையாது. காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பெரிய மாமனார் ஆரம்பித்தார்.

"எந்த மண்டபம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பண்ணப் போகிறீர்களா என்று கேட்கவில்லை. நேராக மண்டபத்துக்கே போய்விட்டார். நான், "இல்ல மாமா, நாங்க பண்ணல" என்றேன். காதில் விழாத மாதிரி, "ஆவணியில மூணு முகூர்த்தம் நல்லா இருக்கு" என்றார். மறுபடியும், "பாப்பாவுக்கு இஷ்டம் இல்ல மாமா" என்றேன். பெரியத்தை, "கொழந்தைக்கு என்னாம்மா தெரியும்?" என்றார். அதே வாய்தான் இரண்டு நிமிஷம் கழித்து, "அவ இனிமே கொழந்தை இல்ல, பெரிய மனுஷி" என்றது. ஒரே ஆளை இஷ்டத்தைக் கேட்கக்கூடாது என்பதற்குக் குழந்தையாக்குகிறார்கள், நாற்காலியில் உட்கார வைப்பதற்குப் பெரிய மனுஷியாக்குகிறார்கள். இதை நான் சொன்னபோது யாரும் பதில் சொல்லவில்லை.

நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு சாம்பிள் ஆல்பத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். ஏதோ ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார்களாம். புரட்டினேன். தலையில் கிரீடம், அன்னப்பறவை வடிவத்தில் நாற்காலி, கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற ஒட்டியாணம். அது அந்தப் பிள்ளையின் இடுப்பில் நிற்காமல் பின்பக்கம் ஊக்குப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள், பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஊக்கு தெரிகிறது. உதட்டுச் சாயத்துக்கு நடுவே பல்லுக்குப் போட்ட கிளிப். பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான் இருக்கும். ஒரு படத்தில்கூட அந்தப் பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்த்துக்கொண்டே இருக்கிறது. யாரோ பெற்ற பெண்ணின் படத்தை வீடு வீடாகக் காட்டி ஆர்டர் பிடிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா? நாளைக்கு என் பெண்ணும் இப்படி யார் மடிக்குப் போவாள்?

ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் பெரிய மாமனார், "உனக்கு வேணாம்னா சரிம்மா. ஊரு என்னா சொல்லும்?" என்றார்.

"யாரு மாமா சொல்லுவாங்க?"

"நாலு பேரு."

"பேரைச் சொல்லுங்க. நானே போய்ப் பேசிடறேன்."

"எதிர்த்து எதிர்த்துப் பேசாத. பொண்ணுகிட்ட ஏதோ குறை இருக்கு, அதான் மூடி மறைக்கிறாங்கன்னு நினைப்பாங்க."

நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய மனிதர் இதைச் சொல்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

அப்புறம்தான் நோட்டு வெளியே வந்தது. மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு. எங்கள் வீட்டிலிருந்து இதுவரை யார் யாருக்கு மொய் செய்தோம் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நெல்லிக்குப்பம், 1,001. குறிஞ்சிப்பாடி, 2,000. பண்ருட்டி, அரைப் பவுன் மோதிரம். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஒரே பொண்ணு. காது குத்து முடிஞ்சிடுச்சு. இதை விட்டா கல்யாணம்தான். போட்டதை எல்லாம் எப்ப வாங்கப் போற?"

உண்மையான காரணம் இதுதான். கலாச்சாரம், சாஸ்திரம், முன்னோர் என்று அவர் சுற்றிச் சுற்றிப் பேசியதெல்லாம் அந்த நோட்டைத் திறக்கும் வரைக்கும்தான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து என்றே பத்திரிகை அடித்து, பந்தி போட்டு, பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை, மொய்க்காகத்தான் விருந்து என்று எல்லாருக்கும் தெரியும். எந்தப் பிள்ளையையும் கிரீடம் வைத்து மேடையில் உட்கார வைத்து, வருகிறவர்கள் எல்லாம் மேலும் கீழும் பார்க்க விடுவதில்லை. கொடுத்த பணம் வேண்டுமென்றால் அப்படி நேராகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஏன் என் பெண்?

ஒரு காலத்தில் இந்தச் சடங்குக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் தயார் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்கிற வேலை. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தது 14 வயதாக வேண்டும் என்றது. 1978-ல் அதை 18 ஆக்கினார்கள். என் பெண்ணுக்கு 12. யாருக்கு, எதற்காக இப்போது தகவல் சொல்ல வேண்டும்? ஆறு வருஷத்துக்குச் சட்டப்படி செய்யவே முடியாத ஒரு காரியத்துக்கு ஊரைக் கூட்டி முன்கூட்டியே விளம்பரம் எதற்கு?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது சமையலறையில் நடந்தது.

சாதம் வடிக்கப் போனேன். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். கதவை லேசாகச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, எனக்கும் பண்ணப்ப ரொம்ப அழுதேன். ஸ்கூலுக்குப் போகவே வெட்கமா இருந்துச்சு. எல்லாப் பசங்களும் போஸ்டரைப் பார்த்துட்டாங்க. நான் பத்தாவதோட நின்னதுக்கே அதுதான் ஆரம்பம்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "அப்போ நீ வெளிய வந்து இதைச் சொல்லு" என்றேன். "ஐயோ, நான் எப்படி அண்ணி சொல்றது?" என்றாள். ஹாலுக்குத் திரும்பி வந்தோம். பெரிய மாமனார், "நீ என்னாம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பண்ணித்தான் ஆகணும் பெரியப்பா, நம்ம குடும்பத்துல வழக்கம்தானே" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு. இடையில் பத்தடி தூரம்கூட இல்லை.

ஓரகத்தி தன் பெண்ணுக்குச் சடங்கு செய்ய நகையை அடகு வைத்தாள். இன்னும் வட்டி கட்டுகிறாள். மாசா மாசம் என்னிடம்தான் புலம்புவாள். அன்று அவளும், "எல்லாரும் பண்றதுதானே" என்றாள். சாயங்காலம் என் தம்பி போன் பண்ணினான். "அக்கா, நிஜமாச் சொல்றேன், என்கிட்ட இப்போ காசு இல்ல. நீ வேணாம்னது எனக்கு நிம்மதி. ஆனா தாய்மாமன் சீர் செய்யலேன்னு என்னைத்தான் பேசுவாங்க. அதனால பண்ணிடுக்கா, கடன் வாங்கிக்கிறேன்" என்றான். கேட்டீர்களா? காசில்லை, இஷ்டமில்லை, நிறுத்தினால் நிம்மதி, ஆனாலும் பண்ணிடுக்கா! தனித்தனியாகக் கேட்டால் ஒருத்தருக்கும் வேண்டியதில்லை. ஒன்றாக உட்கார்ந்தால் அத்தனை பேருக்கும் வேண்டும். ஒவ்வொருத்தரும் மற்றவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, தனக்குப் பிடிக்காத ஒன்றை என் பெண் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பெரிய மாமனார் சொன்ன அந்த நாலு பேர் வேறு எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பெரிய மாமனார் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நாள் தவறாமல் போகிறவர். தேவாரம் நன்றாகப் பாடுவார், கேட்டால் மனசு உருகும். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடியதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பல்லவ ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, வர மாட்டேன் என்று அப்பர் பாடியது அது. சுண்ணாம்புக் காளவாயில் போட்டும், விஷம் கொடுத்தும், யானையை ஏவியும் மசியாதவரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்றும், அவர் மிதந்து வந்து ஏறிய இடம்தான் நம் கரையேறவிட்ட குப்பம் என்றும் என் பெண்ணுக்குக் கதை சொல்லிக் கொடுத்தவரே இந்த மனிதர்தான். யமனுக்குப் பயமில்லை என்று பாடுகிற வாய், நெல்லிக்குப்பத்து மொய்க்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் பயப்படலாமா?

நாத்தனார் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போகிறாள். ஏழு திரை நீக்கி ஜோதி பார்க்காமல் வர மாட்டாள். கண்மூடி வழக்கமெல்லாம் மண்மூடிப் போகட்டும் என்று பாடியவர் வள்ளலார். கணவன் செத்தால் மனைவியின் தாலியைக் கழற்றாதீர்கள், கருமாதி திதி எதுவும் வேண்டாம் என்று 150 வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னவர். 1867-ல் அவர் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் எரிகிறது. அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, "நம்ம குடும்பத்துல வழக்கம்தானே" என்று எப்படிச் சொல்ல வருகிறது?

சின்ன மாமனாரைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. கறுப்புச் சட்டைக்காரர். 1944-ல் இதே கடலூரில் ரிக்‌ஷாவில் போன பெரியார் மேல் செருப்பு வீசியதையும், பின்னாளில் இந்த ஊரிலேயே அவருக்குச் சிலை வைத்ததையும் அந்தச் சிலையைத் தாண்டும்போதெல்லாம் சொல்லுவார். நான் அவரைத்தான் நம்பியிருந்தேன். அன்று அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றேன். "பெரியவர் பேசிக்கிட்டு இருக்கார்ல" என்றார். அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நாத்தனாரும் பேசியிருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடைசியில் பேசியது என் பெண். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் பேனா. "தாத்தா, முனையில பேனர் வச்சா எங்க ஸ்கூல் வேன் அந்த வழியாத்தான் போகும். எங்க கிளாஸ் பசங்க எல்லாரும் பார்ப்பாங்க. அப்புறம் நான் எப்படி வேன்ல போறது?" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுசாகக் கேட்டாள். "பெரியவங்க பேசுறப்ப நடுவுல வரக்கூடாது, உள்ள போ" என்றார் பெரியத்தை. அவள் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் அடிபட்டுச் செத்தாள். அப்போது நாடே பேசியது, கோர்ட் கண்டித்தது. இன்றைக்கும் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் பேனர் இருக்கிறது. ஒரு உயிர் போயும் விடாதவர்கள் என் பெண்ணின் கூச்சத்துக்காகவா விடப்போகிறார்கள்?

நான் எழுந்து நின்றேன். "மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா சடங்கு கிடையாது" என்றேன். சாப்பிடாமல் போனார்கள். ஐந்து பேருக்கு வடித்த சாதம். நாத்தனார் மட்டும் செருப்பு மாட்டும்போது என் பெண்ணின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இவருக்குப் போன் மேல் போன். கேட்கிறவர்கள் எல்லாம் முதலில் சொல்வது, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா". அதற்கு அடுத்த வார்த்தை, "ஆனா".

உங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் அதை அந்த ஹாலில் வந்து சொல்லுங்கள். சமையலறையில் வேண்டாம், போனில் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு என் தோளைத் தட்ட வேண்டாம். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். நீங்கள் ஒருவர் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் வாயைத் திறப்பார். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகச் சொல்லுங்கள்.