பக்கக் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒன்றல்ல

"300 பக்கத்துக்குக் குறைந்தால் அது முனைவர் பட்ட ஆய்வேடே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறான தகவல், மாணவர்களை வீணாகப் பயமுறுத்தும். கணித அறிஞர் ஜான் நாஷ் 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடு 28 பக்கம்தான். ஆட்டக் கோட்பாட்டில் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதப் பிரிவு) செய்த அந்த வேலைக்குத்தான் 1994-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. கணிதத்தில் நிறுவல் முடிந்தால் வேலை முடிந்தது. வரலாற்றிலோ மானிடவியலிலோ அப்படி முடியாது. ஆவணத்தையும் நேர்காணலையும் எடுத்துக்காட்டி வாதாட வேண்டும், பக்கம் தானாக ஏறிவிடும். அறிவியல் துறைகளில், வெளியான கட்டுரைகளைத் தொகுத்து முன்னுரையோடு கொடுப்பதையே பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. சரி, வரம்பே இல்லையா? உண்டு. ஆனால் கேம்பிரிட்ஜின் பல கலைத் துறைகளில் 80,000 சொல் என்பது உச்சவரம்பு, குறைந்தபட்சம் அல்ல. முதலில் உங்கள் துறை விதிமுறையைப் படியுங்கள், அப்புறம் நெறியாளரிடம் கேளுங்கள்.