வி8-ஆ, டர்போவா? ஐடிலிங் மணியைப் பார்த்துச் சொல்லுங்கள்

அமெரிக்க போலீஸ் கார் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. "கொள்ளளவு பெரிசா இருந்தா அதுக்கு ஈடு எதுவும் கிடையாது" என்பது வி8 (எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சின்) கட்சி. "3 லிட்டரிலேயே 400 குதிரைத்திறன் வருதே, அப்புறம் எதுக்கு 5.7 லிட்டர்?" என்பது டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சின்ன எஞ்சின்) கட்சி. இரண்டு கட்சியும் மோதிக்கொள்வது 60 மைல் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்பதை வைத்துத்தான். ரோந்து வண்டிக்கு எஞ்சின் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அது இல்லை, ஐடிலிங் மணி, அதாவது வண்டி நின்றபடியே எஞ்சின் ஓடும் நேரம்தான் என்பது என் கட்சி.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். டாட்ஜ் சார்ஜர் பர்சூட்டின் 5.7 லிட்டர் ஹெமி வி8 தருவது 370 குதிரைத்திறன், 390 பவுண்டு-அடி முறுக்குவிசை. 2020இல் புது வடிவில் வந்த ஃபோர்டு போலீஸ் இன்டர்செப்டர் யூட்டிலிட்டி (நம்ம எக்ஸ்ப்ளோரர்தான்) 3.0 லிட்டர் இரட்டை டர்போவில் 400 குதிரைத்திறன், 415 பவுண்டு-அடி தருகிறது. மிச்சிகன் மாநில போலீஸ் ஆண்டுதோறும் நடத்தும் சோதனையில் அது 60 மைலை 6 நொடிக்குள் எட்டியது. 2011 வரை வந்த பழைய கிரவுன் விக்டோரியாவின் 4.6 லிட்டர் வி8-க்கு 250 குதிரைத்திறன்தான், 60 மைலுக்கு 8 நொடிக்கு மேல் ஆகும். அதை வைத்துக்கொண்டே பல ஆண்டு காலம் துரத்திப் பிடித்தார்கள். இன்றைக்கு எந்தக் கட்சி வண்டியும் தேவைக்கு மேல்தான் ஓடுகிறது.

டர்போ சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: மலை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின், எவ்வளவு பெரிசானாலும், தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். 370 என்பது 250-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அந்தப் பகுதிக்கு வி8 வாங்குவது பழக்கதோஷம்.

மற்ற ஊர்களில் கதை வேறு. 8 மணி நேர ஷிஃப்டில் ரோந்து வண்டி ஏறக்குறைய 4.9 மணி நேரம் ஐடிலிங்கில் நிற்கிறது என்று ஃபோர்டு நிறுவனமே கணக்குச் சொல்கிறது. ரேடியோ, லேப்டாப், கேமரா, மேலே விளக்கு, ஏசி என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். 220 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) போடுவது அதற்காகத்தான். ஒரு மணி நேர ஐடிலிங்கை 33 மைல் ஓட்டமாக எடுத்துக்கொள்ளச் சொன்னதும் ஃபோர்டுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓடோமீட்டரில் 60,000 மைல், ஐடிலிங் மீட்டரில் 4,000 மணி. 4,000 × 33 = 1,32,000. எஞ்சின் பார்த்த தேய்மானம் 1,92,000 மைலுக்குச் சமம். மைலை மட்டும் பார்த்து ஆயில் மாற்றும் பணிமனை, எஞ்சினைத் தெரிந்தே கொல்கிறது.

இந்த ஐடிலிங்தான் வி8-இன் "சாகாத எஞ்சின்" பெயரையும் கெடுத்தது. ஹெமியில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட், எஞ்சின் பிளாக்கில் உயரத்தில் இருக்கிறது. கேம் மேட்டின் மேல் உருண்டு வால்வைத் தள்ளும் லிஃப்டரின் ரோலருக்கும், அந்த மேட்டுக்கும் போகும் எண்ணெயில் பெரும்பகுதி கிராங்க் சுழலும்போது தெறிப்பது. ஐடிலிங்கில் தெறிப்பு குறைவு, அழுத்தமும் குறைவு. ரோலர் பேரிங் தேய்ந்து, உருளாமல் வழுக்கி, கேமைச் செதுக்கிவிடுகிறது என்பதுதான் மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். டிக் டிக் சத்தம் வந்தால் உடனே லிஃப்டர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கும். சூடான பிறகும் சத்தம் நின்றபாடில்லை, கூடவே ஒரே சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றவில்லை) என்ற பிழைக் குறியீடு வருகிறது என்றால் லிஃப்டர்தான். ராக்கர் கவரைத் திறப்பதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டி இரும்புத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வேடிக்கை: எரிபொருள் மிச்சம் பிடிக்க 4 சிலிண்டரை அணைக்கும் ஏற்பாடு ஹெமியில் உண்டு, ஆனால் அது நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் வேலை செய்யும். நிற்கும்போது எட்டும் குடிக்கும். ஸ்பார்க் பிளக்கும் எட்டு இல்லை, பதினாறு.

டர்போ கட்சி கைதட்ட வேண்டாம். நேரடி ஊசி முறையில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால் இன்டேக் வால்வைக் கழுவுவதில்லை. மணிக்கணக்கான ஐடிலிங்கில் கிராங்க்கேஸ் ஆவியோடு வரும் எண்ணெய் அங்கேயே கரியாகப் படிகிறது. சரியாகச் சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள். 2018க்கு முந்தைய தரத்து ஆயிலைப் போட வேண்டாம். தாழ்வேக முன்பற்றலை (எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்வதை) தடுக்கும் எஸ்என் பிளஸ், இப்போது எஸ்பி தரம்தான் டர்போவுக்கு ஏற்றது. துரத்தலுக்குப் பிறகு டர்போ கெட்டுவிடும் என்ற பயம் மிகை: போலீஸ்காரர் எஞ்சினை அணைக்காமல்தான் இறங்கி ஓடுகிறார், அதுவே டர்போவை ஆற்றிவிடுகிறது. அசல் தொல்லை முன்பக்கத்தில். புஷ் பம்பரையும் சைரன் ஸ்பீக்கரையும் இன்டர்கூலருக்கு (டர்போ அமுக்கியதில் சூடான காற்றை ஆற்றும் பகுதி) நேராக மாட்டிக் காற்றை மறைத்துவிட்டு, "வெயில்ல இழுக்க மாட்டேங்குது" என்று புகார் சொல்வார்கள். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளும், பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) குறைக்கும். வண்டி சோர்ந்துதான் போகும். முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் திக்கினால் இக்னிஷன் காயிலை மாற்றுவதற்கு முன் பிளக் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.8 மி.மீ. பக்கம் இருக்க வேண்டியது தேய்ந்து விரிந்திருக்கும்.

டர்போ மேல் வீண்பழி விழுந்த விஷயம் ஒன்றும் இருக்கிறது. 2013–2019 எக்ஸ்ப்ளோரர், டாரஸ் போலீஸ் வண்டிகளில் வாட்டர் பம்ப் டைமிங் செயினால் சுழலும்படி எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. சீல் போனால் கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். டர்போ இல்லாத 3.7 லிட்டரிலும் அதே பம்ப், அதே சாவு. ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும் கசிவுத் துளையில் கூலன்ட் கறை தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. 2020இல் எஞ்சினை நெடுக்காக வைத்தபோது பம்ப் வெளியே வந்தது. அதேபோல் 2021–22 மாடல் 2.7, 3.0 டர்போக்கள் சிலவற்றில் இன்டேக் வால்வு உடைந்து 2024இல் திரும்பப் பெற்றார்களே, அது வால்வு உலோகத்தின் கோளாறு. டர்போவுக்கு அதில் பங்கில்லை.

சரி, எதை வாங்குவது? நகர ரோந்துக்கு இரண்டுமே வேண்டாம். டர்போ இல்லாத 3.3 லிட்டர் வி6 ஹைபிரிட், மொத்தம் 318 குதிரைத்திறன். நிற்கும்போது எஞ்சின் அணைந்து பேட்டரி கருவிகளை ஓட்டுகிறது, சார்ஜ் இறங்கினால் மட்டும் எஞ்சின் எழும். ஐடிலிங் மணி குறைந்தால் மேலே சொன்ன நோய்களில் பாதி வராது. அரசு மதிப்பீட்டில் கேலனுக்கு 24 மைல், பழைய 3.7-க்கு 17. நெடுஞ்சாலைப் படைக்கும் மலைப்பகுதிக்கும் 3.0 டர்போ, அதுவும் ஆயில் மாற்றத்தை எஞ்சின் மணிக் கணக்கில் நடத்தும் பணிமனை இருந்தால் மட்டும். வி8 தான் வேண்டும் என்பவர்களுக்கு சார்ஜர் 2023 மாடலோடு போய்விட்டது. இருப்பது டாட்ஜ் டுராங்கோவும் செவர்லே டாஹோவும். டாஹோவை இடத்துக்காகவும் இழுவைக்காகவும் வாங்குங்கள், தப்பில்லை. "வி8 என்றால் உழைக்கும்" என்று வாங்குவதானால், செவர்லேயின் 5.3 லிட்டரில் சிலிண்டரை அணைக்கும் லிஃப்டர்கள் எத்தனை பணிமனைகளுக்கு வேலை கொடுத்திருக்கின்றன என்று எந்த மெக்கானிக்கையாவது ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குங்கள்.