சுருக்கத்தில் விழுந்துபோகும் வரி

இந்த வாரமும் ஆபீஸில் நான் எழுதிய கோட் கொஞ்சம்தான், வாசித்ததுதான் அதிகம். டீமில் எல்லோருக்கும் ஏஐ உதவியாளர் வந்துவிட்டது. முன்பு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்க, அனுப்பியவர்கள் இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள். அதையெல்லாம் உட்கார்ந்து வாசிக்கும் வேகம் மட்டும் யாருக்கும் கூடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த ஒன்றைச் சொல்கிறேன். பணம் கட்டும் பகுதியில் ஒரு மாற்றம். எதிர்முனை சர்வர் பதில் தராவிட்டால் இன்னும் மூன்று முறை முயற்சி செய் என்று கோட் இருந்தது. பார்க்க அழகாக இருந்தது, டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் பதில் வரவில்லை என்பது வேறு, பணம் போகவில்லை என்பது வேறு. பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், வாடிக்கையாளர் கணக்கில் நான்கு தடவை பணம் பிடித்துவிடும். எல்லா முயற்சிகளிலும் ஒரே அடையாள எண்ணை அனுப்பினால், 'இது பழைய கோரிக்கைதான்' என்று எதிர்முனை கண்டுகொள்ளும். அந்த ஒரு வரி இல்லை. "ஏன்பா, இந்த மூணு தடவை எதுக்கு?" என்று அனுப்பிய பையனிடம் கேட்டேன். "அதுவே போட்டுக் கொடுத்துச்சுண்ணா" என்று ஏஐயைக் கைகாட்டினான். கெட்டிக்காரப் பையன், சொன்னதும் உடனே சரிசெய்துவிட்டான். எனக்கு உறுத்தியது அந்த 'அதுவே'தான்.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். தானியங்கி முறைகளில் உள்ள முரண்கள் பற்றியது, ஐந்தே பக்கம். ஏஐ பற்றி இன்று நாம் சண்டை போடும் பாதி விஷயம் அதில் இருக்கிறது. சுலபமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கஷ்டமான வேலையை மனிதனிடம் விடுகிறோம். அதோடு 'எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு' என்கிறோம். ஒன்றுமே நடக்காத திரையை அரை மணி நேரத்துக்கு மேல் கவனமாகப் பார்க்க மனிதனால் முடியாது. ஆபத்து நேரத்தில் அவனேதான் கையில் எடுக்க வேண்டும், ஆனால் தினமும் செய்யாததால் கைப்பழக்கம் போயிருக்கும். அவர் இதை எழுதியது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளையும் விமானங்களையும் மனத்தில் வைத்து. சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்படியே பொருந்துகிறது.

அதைப் படித்த கையோடு ஏர் பிரான்ஸ் 447 விபத்தின் விசாரணை அறிக்கையை எடுத்தேன். 2009 ஜூன் 1, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் போன ஏர்பஸ் ஏ330. விமானத்தில் இருந்த 228 பேரும் அட்லாண்டிக்கில் இறந்துபோனார்கள். கருப்புப் பெட்டிகள் கடலுக்கடியிலிருந்து கிடைக்கவே 2011 மே ஆகிவிட்டது. இறுதி அறிக்கை 2012 ஜூலையில் வந்தது.

சுருக்கம் கேட்டால் இப்படித்தான் வரும்: வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள் அடைத்தது, ஆட்டோபைலட் விலகியது, துணை விமானி மூக்கைத் தூக்கினார், இறக்கைகள் தாங்கும் விசையை இழந்து விமானம் சுமார் மூன்றரை நிமிடம் விழுந்துகொண்டே போய்க் கடலில் மோதியது. ஏஐயிடமும் கேட்டுப் பார்த்தேன். இதையேதான் ஐந்து புள்ளிகளாகக் கொடுத்தது. ஒன்றிலும் தப்பில்லை. படித்து முடித்ததும் 'என்ன பைலட்டோ' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

முழு அறிக்கையைப் படித்தால் அப்படிப் போக முடியவில்லை. விமானம் விழும் நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்லும் 'ஸ்டால்' எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 நொடிகள் விடாமல் ஒலித்திருக்கிறது. அப்புறம் நின்றுவிட்டது. ஆபத்து நீங்கியதால் அல்ல. அளக்கப்படும் வேகம் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தின் அளவு செல்லாது என்று கம்ப்யூட்டர் ஒதுக்கிவிடும். அளவு இல்லையென்றால் எச்சரிக்கையும் இல்லை. அதனால் நிலைமை மிக மோசமானபோது சத்தம் ஓய்ந்தது. நடுவில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியபோது அளவு மறுபடி செல்லுபடியாகி, எச்சரிக்கை மறுபடி அலறியது. தாழ்த்துவதுதான் சரி. சரியானதைச் செய்தால் திட்டும், தப்பானதைச் செய்தால் அமைதியாகிவிடும் என்ற நிலையில், நள்ளிரவில், இருட்டில், மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதற்குப் பிறகு 'என்ன பைலட்டோ' என்று வாயில் வரவில்லை.

ஐந்து புள்ளிகளில் இந்த 60 நாட் இல்லை. ஏஐ மீது குற்றம் சொல்லவில்லை. விபத்துக்கு அதுதான் முதல் காரணம் என்று அறிக்கையும் சொல்லவில்லை, சுருக்குகிற யாரும் அதைத் தூக்கித்தான் போடுவார்கள். எனக்கு எந்த வரி உறைக்கும் என்பது சுருக்குகிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு உறைத்தது இப்படி. புதன்கிழமை டீ குடித்துவிட்டு வந்து எங்கள் அலர்ட் விதிகளை, அதாவது சர்வரில் கோளாறு என்றால் எங்களை எச்சரிக்கும் விதிகளை, திறந்து பார்த்தேன். பிழைகள் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் அலர்ட். சரி. வாடிக்கையாளர்களிடமிருந்து ரெக்வெஸ்ட்டே (கோரிக்கையே) வராமல் நின்றுபோனால்? பிழையும் பூஜ்யம், மொத்தமும் பூஜ்யம், சதவீதம் கணக்கிட ஒன்றுமில்லை. தகவல் இல்லாதபோது என்ன செய்வது என்ற இடத்தில் 'நார்மல்' என்று தேர்ந்தெடுத்திருந்தது. அதாவது சர்வருக்கு முன்னால் ஏதோ ஒன்று அறுந்துபோய் ஒரு வாடிக்கையாளரும் உள்ளே வர முடியாவிட்டால், நிலவரம் காட்டும் எங்கள் டாஷ்போர்டு எல்லாம் சரி என்று பச்சைப்பசேல் என்று இருக்கும். யார் போட்ட விதி என்று தெரியவில்லை. போட்டவர்கள் வேறு கம்பெனிக்குப் போய் வருஷக்கணக்காகிறது. இதைச் சரிசெய்யச் சொல்லி வேலைப் பட்டியலில் டிக்கெட் போட்டிருக்கிறேன். 'இதுவரை இதனால் பிரச்சினை வந்ததில்லையே' என்று பதில் வந்து, அடுத்த ஸ்பிரிண்டுக்கு, அதாவது அடுத்த சுற்று வேலைக்கு, தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வாசிப்பு என்றதும் நம்மூரில் இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். வருஷத்துக்கு நூறு புத்தகம் என்று அட்டைப்படங்களை அடுக்கிப் போட்டோ போடும் கூட்டம் ஒன்று. பத்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தின் சாரம் தருகிறேன் என்று ஆப் விற்கும் கூட்டம் மற்றொன்று. (வாரத்துக்கு 70 மணி நேரம் உழை, 90 மணி நேரம் உழை என்று பெரிய மனிதர்கள் ஏலம் போட்டார்களே, அந்தக் கணக்கில் இந்த ஆப்தான் கட்டுப்படியாகும்.) எனக்குத் தெளிவு கிடைத்ததெல்லாம் மெதுவாக, தலை சொறிந்து, பின்பக்கம் திரும்பிப்போய்ப் படித்த இடங்களில்தான். அறிக்கையில் அந்த நிமிடங்களை நொடி நொடியாகப் படிக்கும்போது விமானிகளின் குழப்பம் கொஞ்சம் நமக்கும் தொற்றுகிறது. குழம்பினால்தான் எங்கே குழம்பினோம் என்று தெரிகிறது. சுருக்கம் அந்தக் குழப்பத்தைத்தான் முதலில் துடைத்துவிடுகிறது.

சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. இருப்பவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். கோடு போட்டு, ஓரத்தில் எழுதி, அதே பக்கத்தை மறுபடியும் படிக்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தால் போனை எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

இந்தச் சனிக்கிழமை ஆரம்பித்திருப்பது கொலம்பியா விண்கல விபத்தின் விசாரணை அறிக்கை. 2003 பிப்ரவரி 1, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது உடைந்து விழுந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்திருந்தது. விண்கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசாவுக்கு பவர்பாயிண்ட்டில் விளக்கினார்கள். அந்த ஸ்லைடு ஒன்றை அறிக்கை எடுத்துவைத்து அலசுகிறது. தலைப்பு ஆறுதலாக இருக்கிறது. புள்ளிக்குள் புள்ளியாக இறங்கிப்போனால் கடைசி வரியில் இருப்பது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இதில் விழுந்ததாகக் கணக்கிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் பழக்கம் நாசாவில் ஊறிப்போயிருந்ததையும் விசாரணைக் குழு சாடியிருக்கிறது.

அந்த அத்தியாயம் இன்னும் முடியவில்லை. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்த மாதிரி விசாரணை அறிக்கைகள், ரயில், மருத்துவமனை, அணை எதுவானாலும், முழுதாகப் படித்தவர்கள் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.