ஸ்டிக்கர்ல எல்லாம் இருக்கு, வாட் மட்டும் இல்ல: பட்ஜெட் கேமிங் லேப்டாப் குமுறல்

கிராஃபிக்ஸ் சிப் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050னு பச்சை ஸ்டிக்கர். 144 ஹெர்ட்ஸ்னு ஒரு ஸ்டிக்கர். ராமுக்கு ஒண்ணு, பிராசசருக்கு ஒண்ணு. கை வைக்கிற இடம் பூரா ஸ்டிக்கர். அந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் கொடுத்திருக்காங்கன்னு மட்டும் எங்கேயும் இருக்காது. கடையில போய் "இந்த 3050 எத்தனை வாட் தம்பி?"ன்னு கேளுங்க. "கரண்ட் பில்லெல்லாம் பெருசா வராது சார்"னு பதில் வரும்.

லேப்டாப்ல வர்ற 3050ஐ 35 வாட்ல இருந்து 80 வாட் வரைக்கும் எதுல வேணாலும் ஓட்டலாம், வாட் குறைஞ்சா வேகமும் குறையும். அடுத்த தலைமுறை 4050, 4060 ரெண்டுக்கும் 35ல இருந்து 115 வரை. எத்தனைன்னு முடிவு பண்றது லேப்டாப் செய்யிற கம்பெனி. உடம்பு மெலிசு, சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் சின்னதுன்னா வாட்டைக் குறைச்சுடுவாங்க, பேரை மட்டும் குறைக்க மாட்டாங்க. வாட் பட்டினி போட்ட 4060ஐ முழு வாட் கிடைக்கிற 4050 எட்டிப் பிடிச்சிடும், சில கேம்ல தாண்டியும் போகும். முன்னாடியாவது குறைஞ்ச வாட் சிப்புக்கு 'மேக்ஸ்-கியூ'ன்னு பேர்லயே ஒரு அடையாளம் இருந்துச்சு. 2021ல 3000 வரிசை வந்ததும் அதையும் எடுத்துட்டாங்க. வாட் கணக்கு கம்பெனியோட ஸ்பெக் ஷீட்ல அடிக்குறிப்புக்குள்ள அடிக்குறிப்பா கிடக்கும். டெமோ பீஸ் கையில கிடைச்சா என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே இடது மூலையில இருக்கிற 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' அழுத்துங்க. 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்'னு ஒரு வரி இருக்கும். விலையை விட முக்கியமான நம்பர் அதுதான். டைனமிக் பூஸ்ட்னு பிராசசர்கிட்ட இருந்து கடன் வாங்குற வாட்டும் அதுக்குள்ள சேர்ந்திருக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்த ஏமாத்து வேலை ராம். 16 ஜிபின்னு போட்டு ஒரே ஸ்டிக்கா சொருகி அனுப்புறாங்க. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்னா நொடிக்கு 25.6 ஜிபிதான் போய் வரும், ரெண்டு ஸ்டிக்னா 51.2. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நல்லா இருந்தும் நடுநடுவுல கேம் திக்குதுன்னா, டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி போய்ப் பாருங்க. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2'ன்னு இருந்தா ஒரு சந்தேகம் தீர்ந்துச்சு. இன்னொரு ஸ்டிக் போடும்போது டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆன்னு பார்த்து வாங்குங்க. ரெண்டுக்கும் வெட்டு வேற இடத்துல, மாத்திச் சொருக முடியாது. 4 ஜிபி விராம் (கிராஃபிக்ஸ் சிப்போட சொந்த மெமரி) வெச்ச 3050க்கு இதுவும் முழுசா கை கொடுக்காது. கேம் செட்டிங்ல டெக்ஸ்ச்சரை (பொருள் மேல தெரியுற படத்தோட தரம்) 'ஹை'ல வெச்சா விராம் நிரம்பி வழிஞ்சு சாதா ராமுக்குப் போகும், அப்புறம் திக்கல்தான். டெக்ஸ்ச்சரைக் குறைங்க, நிழல் அது இதுன்னு மத்ததெல்லாம் கூட அப்புறம் பார்த்துக்கலாம்.

அந்த 144 ஹெர்ட்ஸ் டிஸ்பிளே! நொடிக்கு 144 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். இந்த விலையில போடுற பேனல்ல ஒரு பிக்சல் நிறம் மாறவே 20க்கு மேல எடுக்கும். அதான் வேகமா திரும்பினா பின்னாடியே ஒரு பேய் வருது. எவ்வளவு நிறம் காட்டும்னு சொல்ற இடத்துல '45 சதவீதம் என்டிஎஸ்சி'ன்னு ஸ்பெக்ல இருந்தா சிவப்பு செங்கல் நிறத்துல தெரியும்னு அர்த்தம். சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தை ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல பேனல் வாங்கி மாத்திக்கலாம்னு நினைக்கிறவங்க கேபிளைப் பாருங்க. 60 ஹெர்ட்ஸுக்குப் பெரும்பாலும் 30 பின், 144க்கு 40 பின். அளவு ஒண்ணுன்னு வாங்கிட்டு வந்து முழிக்க வேண்டாம்.

இதெல்லாம் முதல் நாளே தெரியுற வலி. ரெண்டாவது வருஷம் ஆரம்பிக்கிறது சூடு.

ரிவ்யூ பண்றவங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து 85 டிகிரி காட்டுவாங்க. மே மாசம் சென்னையில ஏசி இல்லாத ரூம் 36 டிகிரி. உள்ளே போற காத்து 10 டிகிரி கூடினா சிப்பும் ஏறக்குறைய அதே 10 கூடும். 95 தொட்டதும் தானா வேகத்தைக் குறைச்சு, ஆறினதும் ஏத்தி, மறுபடி குறைச்சு, எஃப்பிஎஸ் கிராஃப் ரம்பப் பல் மாதிரி ஆயிடும். சர்வீஸ் சென்டர்ல கேட்டா "கேமிங் லேப்டாப்னா சூடாத்தான் சார் இருக்கும்." அது எங்களுக்கும் தெரியுது. வாங்கினப்போ இருந்ததை விட ஏன் ஏறுதுங்கிறதுதானே கேள்வி?

ஏறுறதுக்குக் காரணம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு தூசி. ஃபேன் அடிப்பக்கத்துல இருந்து காத்தை இழுத்து செம்புத் தகடுகளுக்கு நடுவுல ஊதுது. துணியோட பஞ்சும் முடியும் அந்த ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவுல சேர்ந்து தடிப்பா ஒரு பட்டை கட்டிக்கும். வெளியில இருந்து புளோயர் அடிச்சா அந்தப் பட்டை போகாது, உடைஞ்சு ஃபேனுக்குள்ள விழும். சில கடையில அதை மட்டும் பண்ணிட்டு 'ஜெனரல் சர்வீஸ்'னு காசு வாங்குறாங்க, வயித்தெரிச்சல். ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, அடி மூடியோட ஸ்க்ரூவைக் கழட்டி இருந்த இடப்படியே ஒரு தாள்ல குத்தி வைங்க. முன்பக்க ஸ்க்ரூ பல மாடல்ல குட்டை, அங்கே நீளத்தைப் போட்டா கை வைக்கிற பிளாஸ்டிக்கைத் துளைச்சுட்டு மேலே வரும். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிக்கிறது. அப்புறம் ஃபேனைக் கழட்டினா அந்தப் பட்டை ட்வீசர்ல ஒரே துண்டா வரும். ஃபேன் மேல காத்து அடிக்கும்போது இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, தாறுமாறாச் சுத்த விட்டா பேரிங் போயிடும்.

ரெண்டாவது பேஸ்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த கம்பெனி போட்ட தெர்மல் பேஸ்ட் சிப்போட ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவுல காலியாயிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3ன்னு நம்பர் அச்சடிச்சிருக்கும். கழட்டும்போது கடைசி நம்பர்ல இருந்து, போடும்போது 1ல இருந்து, கொஞ்சம் கொஞ்சமா. சுத்தி இருக்கிற விராம் சிப்புக்கெல்லாம் சூட்டைக் கடத்துற மெத்துனு ஒரு தெர்மல் பேட் இருக்கும். கிழிஞ்சா அதே தடிமன்ல போடணும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்துல "தடியா இருந்தா நல்லதுதானே"ன்னு 1.5 போட்டா ஹீட்சிங்க் மேலே தூக்கிக்கிட்டு மெயின் சிப்புல ஒட்டவே ஒட்டாது. சர்வீஸ் பண்ணின பிறகு சூடு அதிகமாச்சுன்னு புலம்புற பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும். பேஸ்டுக்குப் பதிலா ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் போடுறது உத்தமம். 45 டிகிரிக்கு மேல இளகி இடுக்கை நிரப்பும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஓடாது. மேல் பிளாஸ்டிக் உரிய அடம்பிடிச்சா கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீங்க, போர்டுல ஒரு துளி சிந்தினா ஷார்ட்.

திறக்கப் பயமா இருந்தா, விண்டோஸ் பவர் பிளான்ல 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்'டை 99 ஆக்குங்க. பிராசசர் தானா வேகத்தை ஏத்திக்கிற டர்போ பூஸ்ட் நின்னுடும், பிராசசர் சூடு சட்டுனு இறங்கும், கிராஃபிக்ஸைத் தின்னுற கேம்ல எஃப்பிஎஸ் பெருசா குறையாது. பின்பக்கத்தை ஒரு இஞ்ச் தூக்கி வெச்சாலே மலிவு கூலிங் பேட் செய்யிற வேலையில பெரும்பங்கு முடிஞ்சுது. மெத்தை மேல வெச்சு ஆடுறவங்ககிட்ட பேச ஒண்ணும் இல்ல.

பேட்டரிக்கு ரெண்டு வரி போதும். எப்பவும் சார்ஜர்லயே இருக்கிற மெஷின்னா கம்பெனி ஆப்ல சார்ஜை 60 இல்ல 80ல நிறுத்துங்க. டச்பேட் கிளிக் ஆகாம இறுகினாலோ, சமதளத்துல வெச்ச லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பிடுச்சு, அன்னிக்கே கழட்டணும்.

கடைசியா ஹிஞ்ச், அதாவது டிஸ்பிளே மூடியைத் தாங்குற கீல். கோபம் தலைக்கேறுற இடம். இரும்பு ஹிஞ்சைப் பிடிச்சிருக்கிறது என்ன தெரியுமா? மூடியோட பிளாஸ்டிக்ல அரிசி தண்டிக்குக் கொஞ்சம் பெருசா நாலு பித்தளை நட்டு, சூடு வெச்சு அமுக்கினது. நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும், ஆனா பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக். ஒரு மூலையைப் பிடிச்சுத் திறக்கத் திறக்க ஒரு பக்க நட்டு பிடுங்கிக்கிட்டு வரும். முதல்ல 'டக்'னு ஒரு சத்தம், அப்புறம் டிஸ்பிளே ஓரத்துல நகம் நுழையிற இடைவெளி. அதோட திறக்குறதை நிறுத்தணும், இல்லேன்னா அடுத்து டிஸ்பிளே கேபிள், அதுக்கடுத்து டிஸ்பிளேவே. வாரண்டியில கொண்டு போனா "பிசிக்கல் டேமேஜ் சார், கவர் ஆகாது." கீழே போடல, மிதிக்கல, மூடித் திறந்ததுதான் டேமேஜாம்! ஒரு கிராம் பிளாஸ்டிக் கூடப் போட்டிருந்தா உடையாத இடத்துக்கு மேல் மூடி மொத்தமும் மாத்தணும்னு எஸ்டிமேட் வரும். அதுக்கு முன்னாடி, தெரிஞ்ச ரிப்பேர் கடையில ரெண்டு டியூப் எபாக்ஸி வெச்சு நட்டைத் திரும்ப உட்கார வைக்கச் சொல்லுங்க. ஃபெவிக்விக் வகையறாவைத் தொட விடாதீங்க, நாலு தடவை திறந்தா விட்டுடும். ஹிஞ்ச்ல இறுக்கத்துக்கு ஒரு நட்டு இருந்தா அதையும் கால் சுத்து தளர்த்தச் சொல்லுங்க. எபாக்ஸி முழுசா இறுக 24 மணி நேரம். கடைக்காரர் "ஆச்சு சார், எடுத்துட்டுப் போங்க"ன்னாலும் மறுநாள் வரைக்கும் திறக்காதீங்க. திறக்கும்போது நடுவுல பிடிச்சுத் திறங்க.