விடுமுறையில எண்ணின வாகனம்

நம்மட ஒழுங்கையை அகலமாக்கிற திட்டத்தைப் பற்றிச் செவ்வாய்க்கிழமை நடந்த கூட்டத்துக்கு வராதவங்களும் வீடியோவைப் பார்த்திருப்பீங்க. திட்டம் போடுற அதிகாரிகள் சுவரில படத்தைக் காட்டி, "உங்கட ஒழுங்கையில வாகனம் குறைவு, அகலமாக்கி இணைப்பு வீதியாக்கலாம்" என்டாங்க. எப்ப எண்ணினீங்க என்டு கேட்டதுக்குப் பதில் வர அஞ்சு நிமிசம். டிசம்பர் கடைசிக் கிழமையாம்!

பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிற கிழமையில மட்டக்களப்பில வாகனம் எண்ணுறதும், மாரியில கிணத்தைப் பார்த்து "தண்ணிப் பஞ்சமே இல்ல" என்டு எழுதுறதும் ஒண்டுதான்.

எண்ணுறதுக்கு முறை இருக்கு. பள்ளிக்கூடம் நடக்கிற செவ்வாய், புதன், வியாழனில, காலை 6 மணியில இருந்து பின்னேரம் 6 மணி வரை, 15 நிமிசத்துக்கு ஒருக்கா, வகை வகையா எழுதணும். சந்தியில நேரா எத்தனை, இடம் வலம் எத்தனை என்டு வேறவேறயா. காரை ஒன்றாக வைத்து, மோட்டசைக்கிளை ஒன்றுக்குக் குறைவாவும் பஸ்ஸை இரண்டுக்கு மேலயும் போட்டுக் கூட்டணும். அவங்கட படிவத்தில சைக்கிளுக்குக் கோடே இல்ல. மட்டக்களப்பில!

நம்மட ஊரில உச்ச நேரம் இரண்டு இல்ல, மூன்று. காலை 7.30 மணிக்கு முன்னம், மத்தியானம் 1.30 மணிக்குப் பள்ளி விடக்குள்ள, பின்னேரம் வேலை விட. கல்லடிப் பாலத்தால வாற பிள்ளை இன்னொரு பாலமும் ஏறித்தான் புளியந்தீவுக்குள்ள போகுது. விடுமுறைக் கணக்கில இந்த மத்தியான உச்சமே காணாமப் போகும்.

"விடுமுறைக் கணக்கையும் ஒரு பெருக்கல் போட்டுச் சரிக்கட்டலாம்" என்டு ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி தம்பி, சரிக்கட்டலாம். அதுக்கு அதே வீதியில பள்ளி நாளில எண்ணின கணக்கு ஒண்டாவது வேணும். அதுதானே இல்ல!

"அபிவிருத்திக்கு எதிரி" என்ட ஆக்களுக்குப் பதில் கிடையாது.

எது வீடு, எது கடை என்டு நிறமடிச்சுக் காட்டுற அவங்கட நிலப் பயன்பாட்டுப் படமும் இதே கதைதான். மேல இருந்து எடுத்த படத்தில கூரைதான் தெரியும், கீழ கடை மேல வீடு தெரியாது. மஞ்சள் நிறத்தில "வதிவிடம்" என்டு அடிச்ச ஒரு வளவில நாலு மணிக்கு ரியூசன். மதில் நெடுக சைக்கிள், நடுவில ஒரு ஓட்டோ கிறுக இடமில்ல. இந்த ஒழுங்கையிலதானாம் "வாகனம் குறைவு".

இனி 12 அடி ஒழுங்கையை 20 அடியாக்கினா என்ன நடக்கும்? பக்கத்துக்கு 4 அடி. 10 பேர்ச் வளவு 2,722 சதுர அடி, முன்பக்கம் 40 அடி என்டா 160 சதுர அடி போகும். அரை பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. "அவ்வளவுதானே" என்டு அங்க ஒருத்தர் சிரிச்சார். சிரிங்க. வளவு 68 அடி நீளம். கிணறு முன் மதிலோட, மலசலகூடக் குழி பின் மூலையில. கிணத்துத் தண்ணி கெடாம இருக்க இடையில விட வேண்டிய 50 அடி தேறுறதே பெரும்பாடு. மதில் 4 அடி உள்ளுக்கு வந்தா கிணறு ரோட்டில நிக்கும். புதுக் கிணறு குழிப்பக்கம்தான் தோண்டணும். கடற்கரை மணல், குழித் தண்ணி நிதானமா வடிகட்டுப்பட்டு வராது, ஓடி வரும். வீதிப் பக்கம் இதுக்கு இங்கால கட்டக்கூடாது என்ட கட்டிட எல்லைக் கோடும் பின்னுக்குப் போறதால மறுகா வீடு கட்டவும் இடம் காணாது. இந்தச் செலவு எந்தப் பக்கத்திலயும் எழுதல்ல. எழுதவும் தோணல்ல போல, அந்தக் கிணத்துத் தண்ணிய அவங்க குடிக்கல்லத்தானே.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தை 1982 இல திருத்தினதில, திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைச்சு எழுத்தில ஆட்சேபணை சொல்ல 60 நாள் குடுத்திருக்கு. "எங்களுக்கு விருப்பமில்ல" என்டு மட்டும் எழுதாதீங்க, அது குப்பைக்குள்ள போகும். உங்கட நில அளவைப் பட இலக்கம், மதிலில இருந்து கிணத்துக்கும் குழிக்கும் உள்ள அடி, திகதியோட போட்டோ, எண்ணின மூலத் தாள்களைக் கேட்டு ஒரு வரி. பதிவுத் தபாலில போடுங்க, பற்றுச்சீட்டைக் கவனமா வைங்க.

வாற புதன் காலை 6 மணிக்கு ஒழுங்கை முனையில நாங்களே எண்ணுறம். கொப்பியும் பேனையும் கொண்டு வாங்க. பென்சில் வேணாம், அழிச்சு எழுதினது என்பாங்க.