துபாய் மாத்திரையை நம்பி வீட்டில் வைக்காதீர்கள்
இணையத்தில் ஒரு அண்ணன், துபாயில் மூட்டைப்பூச்சிக்கு அந்த சாம்பல் நிற மாத்திரையைத்தான் வைப்பார்கள், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் தாராளமாகப் படுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்குகளில் வண்டுக்கு வைப்பது. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு வரும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கதவிடுக்கு, குழாய் போகிற ஓட்டை, ஏசி டக்ட் எல்லாவற்றிலும் நுழைந்து பக்கத்து வீட்டுக்கே போய்விடும். அமீரகத்தில் இப்படிப் பக்கத்து ஃபிளாட்டில் யாரோ வைத்ததால் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அங்கே வீடுகளில் இதை வைப்பது சட்டப்படி குற்றம். நம் ஊரிலும் இதைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை அதற்குள் மறந்துவிட்டோமா?

வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் என்றுதான் ஆரம்பிக்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவோம். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரலாம், வராமலும் போகலாம்.

மூட்டைப்பூச்சிக்கு வெந்நீரில் துணி துவைத்து, கட்டில் இடுக்கில் நீராவி அடித்து, உரிமம் உள்ள ஆளை வைத்து மருந்தடித்தாலே போதும், இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? மாத்திரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையாலும் தொடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், மேல்வீடு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் எழுப்புங்கள், அப்புறம் 108-ஐக் கூப்பிட்டு மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.